நிமோனியாவின் காரணி அறிதல்: சிகிச்சையும் சோதனையும் இணைந்தும் பிரிந்தும் வந்த வரலாறு (1880–2020)

ஆய்வுச்சுருக்கம்

வீட்டிலோ பணியிடத்திலோ தொற்றிய நிமோனியாவுடன் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோரிடம், அந்நோயை உண்டாக்கிய நுண்ணுயிரி எது என்று கண்டறியும் முயற்சி 1880களில் தொடங்கியது. ஆய்வுக்கூட நுட்பங்கள் வளர வளர, காரணி அறியப்படும் நோயாளிகளின் விழுக்காடும் உயர்ந்திருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. வரலாறு அவ்வாறு அமையவில்லை. 1930களில் நோயாளியின் சளியிலிருந்து நுண்ணுயிரியின் உள்வகை வரை பிரித்தறியும் பணி நள்ளிரவிலும் நடந்தது. 2010களில் மூலக்கூற்று முறைகளின் துணையோடு அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் 62 விழுக்காட்டு நோயாளிகளிடம் எக்காரணியும் அகப்படவில்லை. இம்முரணை நுட்பத்தின் நிறைகுறைகளால் மட்டும் விளக்க இயலாது. சிகிச்சை காரணியின் பெயரைக் கேட்ட காலங்களில் சோதனை செழித்தது. கேட்காத காலங்களில் நலிந்தது என்பதை இக்கட்டுரை வரலாற்றுச் சான்றுகளின் வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிமோனியா, நோய்க்காரணி, நிமோகாக்கஸ், சீரம் சிகிச்சை, பென்சிலின், லெஜியோனெல்லா, மருத்துவ வரலாறு

முன்னுரை

காலரா, காசநோய் என்னும் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கிருமியைச் சுட்டுவன. நிமோனியா அத்தகைய பெயரன்று. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் அழற்சியுற்று நீராலும் சீழாலும் நிறைந்த நிலையை மட்டுமே அது குறிக்கும். அந்நிலையைப் பாக்டீரியாக்களும் உண்டாக்கலாம். வைரஸ்களும் பூஞ்சைகளும் உண்டாக்கலாம். காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு, ஊடுகதிர்ப் படத்தில் தோன்றும் வெண்ணிழல் ஆகியவற்றைக் கொண்டு நோயை அறியலாம். அதன் காரணியை அறிய இவை போதா.

காரணி அறிதலில் உள்ள இடர்ப்பாடு நுரையீரலின் இருப்பிடத்திலேயே உள்ளது. நோயுற்ற திசு மார்புக்கூட்டுக்குள் ஆழ்ந்து கிடக்கிறது. அங்கிருந்து எழும் சளி தொண்டையையும் வாயையும் கடந்தே வெளிவருகிறது. அவ்விடங்களில் இயல்பாகவே குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அதனோடு கலந்துவிடுகின்றன. இரத்தத்தில் கிருமி காணப்பட்டால் ஐயம் நீங்கும்; எனினும் சிறுபான்மை நோயாளிகளிடமே அவ்வாறு காணப்படுகிறது. மார்பில் ஊசி செலுத்தி நுரையீரல் நீரை எடுப்பது தெளிவான விடை தரக்கூடியது. ஆயினும் தீங்கு விளைக்கக்கூடிய அம்முறையை எல்லா நோயாளிகளிடமும் கையாள இயலாது. ஆகவே காரணியைத் தேடுவதற்கு உழைப்பும் செலவும் காலமும் தேவை. அவற்றைச் செலவிட மருத்துவமனை எப்போது முன்வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. பெர்லினில் எழுந்த விவாதம்

1880இல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் இராணுவ மருத்துவர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும், ஒருவரை ஒருவர் அறியாமல், மனித உமிழ்நீரை முயல்களுக்குள் செலுத்தி இரட்டையிரட்டையாகத் தோன்றும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். பாஸ்டர் பயன்படுத்தியது வெறிநாய்க்கடி நோயால் இறந்த ஒரு குழந்தையின் உமிழ்நீர். ஸ்டெர்ன்பெர்க் பயன்படுத்தியது தம்முடைய உமிழ்நீர். பின்னாளில் நிமோகாக்கஸ் எனப் பெயர் பெற்ற இப்பாக்டீரியாவுக்கும் நிமோனியாவுக்கும் உள்ள தொடர்பை அப்போது இருவரும் அறியவில்லை. நலமாக இருந்த ஒரு மனிதரின் வாயிலேயே அது காணப்பட்டது என்பது இங்குக் குறிக்கத்தக்கது. நோயாளியின் சளியில் ஒரு கிருமி இருப்பதாலேயே அதுதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிட முடியுமா என்னும் சிக்கல், அக்கண்டுபிடிப்போடு உடன்பிறந்தது.

நிமோனியாவின் காரணி பற்றிய நேரடி விவாதம் பெர்லினில் நடந்தது. கார்ல் ஃப்ரீட்லேண்டர் 1882 முதல் நிமோனியாவால் இறந்தோரின் நுரையீரல்களை ஆராய்ந்து, தாம் கண்ட பாக்டீரியாவே காரணி என்றார். ஆல்பர்ட் ஃப்ரெங்கெல் 1884இல் வேறொரு பாக்டீரியாவை முன்வைத்தார். ஃப்ரீட்லேண்டரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டென்மார்க் நாட்டவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், அதே ஆண்டில் ஒரு சாயமேற்றும் முறையை வெளியிட்டார். நுரையீரல் திசுவுக்கு இடையே பாக்டீரியாக்களைத் தனித்துக் காட்டுவதே அவரது நோக்கமாக இருந்தது. இன்று பாக்டீரியா உலகத்தையே இரு பெரும் பிரிவுகளாக வகுக்கும் கிராம் சாயமுறை, இவ்வாறு நிமோனியாவின் காரணியைத் தேடும் பணியில் தோன்றியதாகும். ஃப்ரெங்கெலின் பாக்டீரியா சாயத்தை இருத்திக்கொண்டது. ஃப்ரீட்லேண்டருடையது சாயத்தை இழந்தது. 1886இல் வியன்னாவின் ஆண்டன் வைக்செல்பௌம் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, இரண்டுமே நிமோனியாவை உண்டாக்குவன என்றும், பெரும்பான்மைக்குக் காரணம் நிமோகாக்கஸே என்றும் காட்டினார்.

விவாதம் தீர்ந்தது, நோயாளியின் நிலை மாறவில்லை. காரணி எதுவாயினும் அளிப்பதற்குரிய மருந்து அன்று இல்லை. ஆகவே காரணி அறிதல் பெரும்பாலும் இறந்தோர் உடலில் நடக்கும் ஆய்வாகவே இருந்தது. படுக்கையில் இருந்த நோயாளிக்கு அதனால் பயன் விளையவில்லை.

2. சீரம் கேட்ட கேள்வி

இந்நிலையை மாற்றியது சீரம் சிகிச்சையாகும். கிருமியைச் செலுத்திய விலங்கின் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருள்களைச் சீரமாகப் பிரித்து நோயாளிக்கு ஏற்றுவது அம்முறை. தொண்டை அடைப்பான் நோயில் வெற்றி பெற்ற இம்முறை நிமோனியாவில் தொடக்கத்தில் சீரான பயன் தரவில்லை. அதன் காரணம் 1910இல் விளங்கத் தொடங்கியது. நிமோகாக்கஸ் ஒரே தன்மையது அன்று, ஒரு வகைக்கு எதிரான சீரம் மற்றொரு வகையைத் தாக்காது என்று ஜெர்மனியில் ஃப்ரெட் நாய்ஃபெல்டும் லுட்விக் ஹேண்டலும் காட்டினர். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவன மருத்துவமனையில் ரூஃபஸ் கோல், அல்ஃபோன்ஸ் டோஷே, ஆஸ்வால்ட் ஏவரி ஆகியோர் இவ்வகைப்பாட்டை விரிவாக்கினர். இதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர்களை நிமோனியா பெரும் எண்ணிக்கையில் பலிகொண்டது. அங்குப் பணியாற்றிய ஸ்பென்சர் லிஸ்டரும் தனியே ஒரு வகைப்பாட்டை அமைத்துத் தடுப்பூசி முயற்சியில் இறங்கினார்.

இதன் பின் காரணியின் பெயர் மட்டுமன்றி அதன் உள்வகையும் தெரிந்தாலொழிய மருந்தளிக்க இயலாது என்ற நிலை உருவாயிற்று. சீரத்தை நோயின் தொடக்க நாள்களிலேயே அளிக்க வேண்டியிருந்தது. தாமதமானால் பயன் குறைந்தது. ஆனால் வகையறியும் முறையோ மெதுவானது. நோயாளியின் சளியைச் சுண்டெலியின் வயிற்றறைக்குள் செலுத்தி, கிருமி பெருகும் வரை பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். இத்தாமதத்தைப் போக்க உதவியதும் நாய்ஃபெல்டின் பழைய கண்டறிதல் ஒன்றே. வகைக்கு உரிய சீரத்தோடு கலந்தால் நிமோகாக்கஸின் உறை பருத்துத் தோன்றும் என்பதை அவர் 1902லேயே குறித்திருந்தார். ஏறத்தாழ முப்பதாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அந்நிகழ்வு, 1930களின் தொடக்கத்தில் சளியை நேரடியாகச் சோதிக்கும் முறையாக மறுவாழ்வு பெற்றது. விடை சில நிமிடங்களில் கிடைத்தது. நியூயார்க்கில் ஜார்ஜியா கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1932க்குள் 32 வகைகளைப் பிரித்துக் காட்டினர்.

மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1931இல் தொடங்கிய நிமோனியாத் திட்டம் சோதனையையும் சீரம் வழங்கலையும் பொதுச் சுகாதாரத் துறையின் பொறுப்பாக்கியது. பிற மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. சளியை வகைப்படுத்துவது அவசரப் பணியாகக் கருதப்பட்டது; இரவு நேரத்திலும் அதற்கென ஆய்வுக்கூடங்கள் இயங்கின. இக்காலத்து அறிவை ரோடரிக் ஹெஃப்ரான் 1939இல் ஒரு பெருநூலாகத் தொகுத்தார். அக்காலத்தில் நுரையீரல் மடல் நிமோனியாவின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிமோகாக்கஸே காரணம் எனக் கணிக்கப்பட்டது. இக்கணிப்பு, தேடலுக்கு மருத்துவமனைகள் செலவிட்ட உழைப்பின் விளைவும் ஆகும்.

3. பெயர் தேவையற்றுப் போன காலம்

ஹெஃப்ரானின் நூல் வெளிவந்தபோதே அது விளக்கிய சிகிச்சை வழக்கொழியத் தொடங்கியிருந்தது. 1938 ஜூலையில் பர்மிங்காம் நகர மருத்துவமனை ஒன்றிலிருந்து ஈவான்ஸ், கெய்ஸ்ஃபோர்ட் ஆகிய இருவர் ஒரு முடிவை வெளியிட்டனர். சல்ஃபாபிரிடின் என்னும் புதிய மருந்தைப் பெற்ற 100 நிமோனியா நோயாளிகளில் 8 பேர் இறந்தனர். அம்மருந்தைப் பெறாத 100 பேரில் 27 பேர் இறந்தனர். இம்மருந்து நிமோகாக்கஸின் உள்வகையைப் பொருட்படுத்தவில்லை. மாத்திரையாக விழுங்கக்கூடியது, சீரத்தைவிட மலிவானது. 1940களில் பென்சிலின் பரவியதும் சிகிச்சை இன்னும் எளிதாயிற்று.

மருத்துவர் இனிக் காரணியின் பெயரைக் கேட்க வேண்டிய தேவை குறைந்தது. வகையறியும் நிலையங்கள் மூடப்பட்டன. அதற்கான சீரங்களின் உற்பத்தி சுருங்கியது. உறைவீக்கச் சோதனையில் தேர்ந்த கைகள் அருகின. தடுப்பூசியும் இதே நிலைக்கு உள்ளாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது காலின் மெக்லவுட் குழுவினர் அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்திய சோதனையில் நான்கு வகைகளுக்கு எதிரான தடுப்பூசி பயன் தந்தது. அதன் பின் விற்பனைக்கு வந்த நிமோகாக்கஸ் தடுப்பூசிகள், வாங்குவோர் இன்மையால் சில ஆண்டுகளில் திரும்பப் பெறப்பட்டன. பென்சிலின் இருக்கையில் தடுப்பூசி எதற்கு என்பதே அன்றைய மருத்துவ உலகின் எண்ணமாக இருந்தது.

வகையறியும் ஆய்வு மருத்துவமனையில் நலிந்த அதே காலத்தில், அடிப்படை அறிவியலில் அது ஈட்டிய பயன் பெரிது. லண்டனில் சளி மாதிரிகளை வகைப்படுத்திவந்த ஃப்ரெடரிக் கிரிஃபித், ஒரு வகை நிமோகாக்கஸ் மற்றொன்றாக மாறக்கூடியது என 1928இல் காட்டியிருந்தார். அம்மாற்றத்தை விளைவிக்கும் பொருள் டி.என்.ஏ. என ஏவரி, மெக்லவுட், மெக்கார்ட்டி மூவரும் 1944இல் நிறுவினர். சீரம் சிகிச்சைக்கென வளர்ந்த வகைப்பாட்டு அறிவு மரபியலின் அடித்தளமாயிற்று; நோயாளியின் படுக்கையருகிலோ அது மறக்கப்பட்டது.

4. புரூக்ளினில் நடந்த மறுதேடல்

1952இல் ராபர்ட் ஆஸ்ட்ரியன் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள கிங்ஸ் கௌன்டி மருத்துவமனைக்கு வந்தார். நிமோகாக்கஸ் நிமோனியா ஏறக்குறைய மறைந்துவிட்டது என்ற கருத்து அப்போது பரவலாக நிலவியது. ஆஸ்ட்ரியன் அதை ஏற்காமல் பழைய முறைகளையே மீண்டும் கையாண்டு பத்தாண்டுகள் தேடினார். நிமோகாக்கஸ் தொற்றுகள் பெருந்தொகையாக வெளிப்பட்டன. நோய் மறையவில்லை, அதைத் தேடுவதே நின்றுபோயிருந்தது என்பது தெளிவாயிற்று.

1964இல் அவரும் ஜெரோம் கோல்டும் வெளியிட்ட ஆய்வு இன்னொரு உண்மையையும் காட்டியது. இரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிகளிடம் முதல் ஐந்து நாள்களுக்குள் நேரும் இறப்புகளைப் பென்சிலினால் பெரிதும் குறைக்க இயலவில்லை. நோய் முற்றியபின் வரும் மருந்து சிலருக்குப் பயன்படாது எனில் நோயைத் தடுப்பதே வழி. தடுப்பூசி தயாரிக்க எந்த வகைகள் மிகுதியாக நோய் தருகின்றன என்பது தெரிய வேண்டும். இவ்வாறு, சிகிச்சைக்கு வேண்டாததாகிவிட்ட வகையறிதல் தடுப்புக்கு இன்றியமையாததாயிற்று. ஆஸ்ட்ரியனின் தடுப்பூசி, லிஸ்டர் முன்னர் உழைத்த அதே தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் சோதிக்கப்பட்டு, 14 வகைகளுக்கு எதிரானதாக 1977இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 1983இல் அது 23 வகைகளுக்கு விரிவாக்கப்பட்டது.

5. வழக்கமான ஊடகத்தில் வளராதவை

தேடாததால் தெரியாமல் போனது நிமோகாக்கஸ். தேடியும் அகப்படாத காரணிகள் வேறு இருந்தன. சல்ஃபாபிரிடின் அறிமுகமான அதே 1938இல் ஃபிலடெல்ஃபியாவின் ஹோபர்ட் ரெய்மன், வழக்கமான நிமோனியாவைப் போலன்றி மெல்லத் தொடங்கி நீடிக்கும் ஒரு நிமோனியாவை விவரித்தார். அவர்களின் சளியில் வழக்கமான பாக்டீரியா எதுவும் காரணியாகத் தென்படவில்லை. 1944இல் மன்றோ ஈட்டன் அதன் காரணியைப் பிரித்தார். நுண்வடிகட்டிகளைக் கடந்து சென்றதால் அது வைரஸ் என்றே கருதப்பட்டது. 1962இல் ராபர்ட் சானாக், லெனார்ட் ஹேஃப்லிக் ஆகியோர் அதை உயிரணுக்களற்ற ஊடகத்தில் வளர்த்த பின்னரே அது செல்சுவர் இல்லாத மைக்கோபிளாஸ்மா எனத் தெரிந்தது. செல்சுவரைத் தாக்கும் பென்சிலின் அதனிடம் பயனற்றுப்போனதற்கும் அதுவே விளக்கமாயிற்று.

1976 ஜூலையில் அதே ஃபிலடெல்ஃபியாவின் பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்ட் விடுதியில் அமெரிக்க முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாடு நடந்தது. மாநாட்டோடு தொடர்புடைய 182 பேர் நிமோனியாவுக்கு ஆளாயினர்; அவர்களுள் 29 பேர் இறந்தனர். பல மாதங்கள் காரணி தெரியவில்லை. நச்சுப் பொருள்கள் மீதும் ஐயம் எழுந்தது. நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஜோசப் மெக்டேட், இறந்தோரின் திசுக்களைச் செலுத்திய கினிப்பன்றிகளிடம் சில கோல்வடிவப் பாக்டீரியாக்களைக் கண்டிருந்தார். தற்செயலாகக் கலந்தவை என அவற்றை முதலில் ஒதுக்கினார். ஆண்டிறுதியில் அதே கண்ணாடித் தகடுகளை மீண்டும் நோக்கியபோது ஐயம் வலுத்தது. 1977 ஜனவரியில் காரணி அறிவிக்கப்பட்டது. லெஜியோனெல்லா என்னும் பெயர் பின்னர் சூட்டப்பட்டது. 1965இல் வாஷிங்டன் மருத்துவமனை ஒன்றில் காரணி தெரியாமல் முடிந்துபோன ஒரு நிமோனியாப் பரவலின்போது சேமித்து வைத்த குருதி மாதிரிகளிலும் அதே கிருமிக்கு எதிரான பொருள்கள் காணப்பட்டன. நோய் புதிதன்று, அறியப்பட்டதுதான் புதிது.

இக்கண்டுபிடிப்பு காரணி அறிதலை வலுப்படுத்தியிருக்கலாம். நடைமுறையில் நேர்ந்தது வேறு. நிமோகாக்கஸைத் தாக்கும் மருந்தோடு மைக்கோபிளாஸ்மாவையும் லெஜியோனெல்லாவையும் தாக்கும் மருந்து ஒன்றையும் சேர்த்தளிக்கும் வழக்கம் பரவியது. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 1993இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நோயாளியின் வயது, உடன்நோய்கள், நோயின் கடுமை ஆகியவற்றைக் கொண்டே தொடக்கச் சிகிச்சையை வகுத்தது. ஐயத்துக்குரிய கிருமிகள் அனைத்தையும் ஒரே மருந்துச் சீட்டுக்குள் அடக்கிவிட்டால், அவற்றுள் எது குற்றவாளி என்று விசாரிக்க வேண்டியதில்லை. சோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே மருந்தளிக்கும் இம்முறை பல உயிர்களைக் காத்தது என்பதை மறுக்க இயலாது. அதற்கு ஈடாக விட்டுக்கொடுக்கப்பட்டது காரணி பற்றிய அறிவு.

6. மூலக்கூற்று முறைகளும் 62 விழுக்காடும்

1980களில் தோன்றிய பி.சி.ஆர். முறை, கிருமியை வளர்க்காமலே அதன் மரபுப்பொருளைக் கொண்டு அடையாளம் காண வழிவகுத்தது. 2010 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை சிகாகோ, நாஷ்வில் ஆகிய நகரங்களின் ஐந்து மருத்துவமனைகளில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்திய ஆய்வு இம்முறையை விரிவாகக் கையாண்டது. மாதிரிகள் கிடைத்த 2,259 வயதுவந்த நோயாளிகளில் 38 விழுக்காட்டினரிடமே காரணி கண்டறியப்பட்டது. ரைனோ வைரஸ் 9, இன்ஃபுளுவென்சா 6, நிமோகாக்கஸ் 5 விழுக்காட்டினரிடம் காணப்பட்டன. இதே திட்டத்தின் குழந்தைகள் பிரிவில் 81 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒரு நுண்ணுயிரி அகப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை வைரஸ்கள்.

1930களின் கணிப்பையும் இவ்வெண்களையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது பிழையாகும். முன்னையது மடல் நிமோனியா என்னும் குறிப்பிட்ட வடிவத்தைப் பற்றியது. பின்னையது ஊடுகதிர்ப் படத்தில் நிழல் தோன்றிய எல்லா நோயாளிகளையும் உள்ளடக்கியது. குழந்தைகளுக்கு 2000 முதல் அளிக்கப்பட்ட இணைப்புத் தடுப்பூசி, கிருமி பரவும் வழியையே குறைத்து முதியோரையும் காத்தது. ஆகவே நிமோகாக்கஸின் சரிவில் ஒரு பகுதி உண்மையான சரிவே. மாதிரி எடுப்பதற்கு முன்பே மருந்து தொடங்கப்படுவதால் கிருமி வளராமற்போவதும் உண்டு. எனினும் நுரையீரலின் ஆழத்திலிருந்து நல்ல சளி மாதிரியைப் பெற்று உடனே நோக்கும் பழைய உழைப்பு அருகியதும் இவ்விடைவெளிக்கு ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

புதிய முறைகள் பழைய சிக்கலையும் மீட்டெடுத்தன. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஏழில் கடும் நிமோனியாவுற்ற குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, நோயற்ற குழந்தைகளையும் ஒப்பீட்டுக்காகச் சோதித்தது. நலமான குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் பல கிருமிகள் காணப்பட்டன. ஆகவே ஆய்வாளர்கள் ஒவ்வொரு கிருமிக்கும் உரிய பங்கைப் புள்ளியியல் முறையால் மதிப்பிட வேண்டியதாயிற்று, அம்மதிப்பீட்டில் ஆர்.எஸ்.வி. வைரஸ் ஏறத்தாழ 31 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது. ஸ்டெர்ன்பெர்க் தம் உமிழ்நீரில் கண்ட புதிர் 130 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தது. கிருமியைக் காண்பது ஒன்று. அதுவே காரணி எனக் காட்டுவது வேறொன்று.

7. மீண்டும் எழும் தேவை

காரணி அறியாச் சிகிச்சை, எல்லாக் கிருமிகளும் மருந்துக்குக் கட்டுப்படும் என்னும் நம்பிக்கையை ஆதாரமாகக் கொண்டது. 1967இல் ஆஸ்திரேலியாவில் பென்சிலினுக்கு எளிதில் பணியாத நிமோகாக்கஸ் அறிவிக்கப்பட்டது. 1977இல் தென்னாப்பிரிக்காவில் பல மருந்துகளை எதிர்க்கும் நிமோகாக்கஸ் வெளிப்பட்டது. தேவையற்ற மருந்துகளின் பயன்பாடே எதிர்ப்பாற்றலை வளர்க்கிறது. வைரஸால் நிமோனியாவுற்றவருக்குப் பாக்டீரியாவுக்கான இரு மருந்துகள் அளிக்கப்படும்போது, அதன் விலையைப் பின்வரும் நோயாளிகள் செலுத்துகின்றனர்.

இரண்டாவது தேவை புதிய நோய்களிலிருந்து எழுந்தது. 2003இல் சார்ஸ் நோய் பரவிய பின் சீனா, காரணி அறியப்படாத நிமோனியாவைக் கண்காணிக்கும் ஏற்பாட்டை உருவாக்கியது. 2019 டிசம்பரில் வூஹான் நகர நோயாளிகள் சிலரைப் பற்றி வெளியான முதல் அறிவிப்புகளும் காரணி அறியப்படாத நிமோனியா என்றே குறித்தன. 2020 ஜனவரியின் முற்பகுதிக்குள் புதிய கொரோனா வைரஸ் அடையாளம் காணப்பட்டு அதன் மரபுவரிசை வெளியிடப்பட்டது. காரணி எது என்று கேட்கும் பழக்கம் மருத்துவமனையில் எஞ்சியிருந்தாலன்றி இத்தகைய நோய் மற்ற நிமோனியாக்களின் கூட்டத்தில் நெடுநாள் மறைந்திருக்கக்கூடும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, நிமோனியாவின் காரணி அறிதல் நுட்ப வளர்ச்சியோடு நேர்கோட்டில் வளரவில்லை. நாய்ஃபெல்டின் சோதனை தேவை எழும் வரை முப்பதாண்டுகள் காத்திருந்தது. தேவை நீங்கியதும் கைவிடப்பட்டது. இரண்டாவது, தேடல் நின்ற காலங்களில் நோயே மறைந்துவிட்டது என்னும் மயக்கம் தோன்றியது. புரூக்ளின் ஆய்வு அதை உடைத்தது. மூன்றாவது, காரணியின் பெயர் அதைத் தாங்கிய நோயாளி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அவருக்கு அது தெரியாமலே குணம் கிட்டலாம். தடுப்பூசி தயாரிப்போருக்கும், மருந்தின் ஆற்றலைக் காக்க முயல்வோருக்கும், அடுத்த பெருந்தொற்றை எதிர்நோக்குவோருக்கும் அது தேவை.

காரணி அறிதலுக்கான செலவைத் தனி நோயாளியின் சிகிச்சைப் பயனை மட்டும் கொண்டு அளந்தால், அது பெரும்பாலும் வீண்செலவாகவே தோன்றும். மாசச்சூசெட்ஸ் 1931இல் அதைப் பொதுச் சுகாதாரத்தின் பொறுப்பாகக் கொண்டது. அன்று அதற்கு அடிப்படையாயிருந்த சீரம் சிகிச்சை மறைந்துவிட்டது; அப்பொறுப்பு மறைந்துவிடவில்லை.